ஜலகன்னிக்கு வளைகாப்பு

ஊருக்கு ஊர் ஒரு பீத்தல் இருக்கும். எங்க ஊருத் தேரு ஏழு நிலை, எங்க ஊருக்கு மந்திரி வந்து மோர் குடிச்சாரு, எங்க ஊரு வலையில ரெண்டு தலைச் சுறா மாட்டுச்சுன்னு ஆளாளுக்கு அளந்து விடுவாங்க. விடட்டும். எங்க நொச்சிமேட்டுக் குப்பத்துக்கு, ஆடிப்பூரத்துக்கு மொத நாள் காலையில, வெயில் சுள்ளுனு ஏறுற நேரத்துல, நானும் இன்னும் நாலு பொம்பளைங்களும் ஏலத்துக்கு மத்தி மீனையும் காரப்பொடி மீனையும் பிரிச்சுக் கூடையில போட்டுக்கிட்டு இருக்கையில, முகத்துவாரத்து வழியா ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தானா நீந்தி வந்து, நாங்க படகு கட்டுற எடத்துல, ஒரு படகையும் இடிக்காம ஒதுங்கி, ஒருக்களிச்சுப் படுத்துச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. கடல்ல போறது ஒரு நாள் கரைக்கு வரத்தான் செய்யும். எங்களுக்கு வந்த கேள்வியே வேற. இது யாரைத் தேடி வந்திருக்கு?

கேள்வி வந்ததுதான் தாமசம், மொத்த ஊரும் திரும்பி என்னைப் பாத்துச்சு. ஏன்னா என் பேரு அஞ்சலாட்சி, நான் சித்திரவேலுவோட அக்கா.

என் தம்பி சித்திரவேலு கப்பற்படையில இருந்தவன். மேல போற கப்பல் இல்ல, அடியில போறது. அந்த வகையில நாலு கப்பலு, நாலும் ஒரே அச்சு, கூடப்பொறந்த அக்கா தங்கச்சிங்க. இவன் இருந்தது கடைக்குட்டியில, அதுக்குப் பேரு ஜலகன்னி. காதுல மாட்டிக்கிட்டுக் கடலைக் கேக்கறதுதான் இவன் வேலை. எங்கயோ போற கப்பலு, எங்கயோ பேசுற திமிங்கலம், எல்லாத்தையும் கேட்டு யாரு எவருன்னு சொல்லணும். அடியில இருக்கையில உரக்கப் பேசக்கூடாதாம், தட்டு கீழ விழக்கூடாதாம். அந்தப் பழக்கம் லீவுல வந்தாலும் போகாது. நாங்கள்லாம் கரையில நின்னு படகுக்குக் கத்திப் பேசுற சனம், எங்க வீட்டுல உப்பு எங்கன்னு கேட்டா மூணாவது தெருவுலேருந்து பதில் வரும். இவன் கதவைச் சாத்துனா சத்தம் வராது, தும்முனா சத்தம் வராது, பக்கத்துல வந்து நின்னா கட்டுன பொண்டாட்டிக்கே தெரியாது.

அந்தப் பொண்டாட்டிதான் பவுனாம்பாள், எங்களுக்குப் பவுனு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கிட்டு என்கிட்ட வந்தா. "அண்ணி, உங்க தம்பி தூக்கத்துல ஜலா, ஜலான்னு பொலம்புறாரு. யாரு அண்ணி அந்தச் சிறுக்கி?"

"அடி பைத்தியக்காரி, அது கப்பலுடி!"ன்னு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அவ சிரிக்கலை. "கப்பலா இருந்தா என்னா? வருஷத்துல பத்து மாசம் எவகிட்ட இருக்காரோ அவதான் மொத பொண்டாட்டி. சக்களத்தி இரும்புல செஞ்சிருந்தாலும் சக்களத்திதான்." அன்னையிலேருந்து அவ வாயில ஜலகன்னிக்குப் பேரு மூத்தவ. மூத்தவ விட்டாளா, மூத்தவ எங்க இருக்காளாம், மூத்தவ சோறு போட்டாளான்னு ஊரே அப்பிடிப் பேச ஆரம்பிச்சுடுச்சு.

அவன் வந்து வந்து போனதுல பவுனு வயித்துல ஒண்ணும் தங்கலை. வருஷம் ஓடுச்சு. பிள்ளை இல்லாதவளை எங்க ஊர்ல வளைகாப்புக்குக் கூப்பிட்டாலும் சோறு பரிமாறத்தான் விடுவாங்க, வளையல் தட்டுப் பக்கம் விடமாட்டாங்க. எந்த நாசமாப் போனவன் வச்ச வழக்கமோ! அதனால தெருவுல குலவைச் சத்தம் கேட்டா பவுனு தோட்டத்துப் பக்கம் போயி அம்மி முன்னால உக்காந்து, ஒண்ணுமே வைக்காம வெறும் கல்லை அரைச்சுக்கிட்டு இருப்பா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் வீடு பக்கத்து வீடுதானே.

இந்த வருஷம் அவனுக்கும் ரிட்டையர் ஆச்சு, மூத்தவளுக்கும் ரிட்டையர் ஆச்சு. பொழுது சாயற நேரம் கொடியை இறக்கி, சல்யூட் அடிச்சு, அதோட சரி. மூணு அக்காமாரையும் ஏற்கெனவே உடைச்சு எடைக்குப் போட்டாச்சாம். இவளையும் வயித்துல இருந்த பேட்டரி, குண்டு, கட்டிலு, அடுப்பு வரைக்கும் வழிச்சு எடுத்துட்டு, வெறும் கூட்டை ஒரு இழுவைக் கப்பல்ல கட்டி, விசாகப்பட்டினத்துலேருந்து கடலைச் சுத்தி மேற்குக் கரைக்கு உடைக்க இழுத்துக்கிட்டுப் போறாங்கன்னு கூட்டாளி ஒருத்தன் போன்ல சொன்னான். என் தம்பி அன்னைக்குச் சோறு சாப்பிடலை. பவுனு பாயசம் வச்சா. எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தா, முந்திரியெல்லாம் போட்டு நல்லாதான் இருந்துச்சு.

அப்பேர்ப்பட்ட மூத்தவதான், எங்க ஊருக்கு நேரா வரையில, கட்டியிருந்த கயித்தை அறுத்துக்கிட்டு எங்க கரைக்கு வந்துட்டா.

ஏன் ஒருக்களிச்சுப் படுத்திருக்கான்னு மொதல்ல கேட்டது நர்சு மேகலா. வாரா வாரம் வயித்துப்பிள்ளைக்காரிங்களைப் பாக்க எங்க ஊருக்கு வர்றவ. படகுல ஏறிப் பக்கத்துல போயி, கழுத்துல கெடந்த ஸ்டெதாஸ்கோப்பை இரும்பு வயித்துல ஒரு எடத்துல வச்சா, இன்னொரு எடத்துல வச்சா, "பேசாம இருங்க"ன்னு எங்களை ஒரு அதட்டு அதட்டிட்டு மறுபடி வச்சா. அப்புறம் நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா: "ரெண்டு துடிப்பு கேக்குது. பெரிசு மெதுவா அடிக்குது, சின்னது குடுகுடுன்னு ஓடுது. மாசம் நெறைஞ்சு போச்சுங்க, எந்நேரமும் ஆகலாம்."

முழுகுறதே பொழப்பா இருந்தவ முழுகாம இருக்கான்னு சேதி பறந்துச்சு பாருங்க, ஏலக்காரன் ஏலத்தை விட்டான், ஐஸ் வண்டிக்காரன் வண்டியை விட்டான், பள்ளிக்கூடத்து டீச்சரே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. என் தம்பி வந்து தண்ணியில எறங்கி இரும்புல காதை வச்சான். உள்ள பேட்டரி இல்ல, மிஷின் இல்ல, ஒண்ணுமில்லன்னு அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டுச்சு. அவன் கண்ணுல தண்ணி பொலபொலன்னு வந்துச்சு, அதையும் சத்தமில்லாமத்தான் அழுதான்.

ஒரு பொண்ணு வயித்துல பிள்ளையோட வந்து ஊர்ல நின்னா, மொதல்ல ஆம்பளையை நிக்க வச்சுக் கேக்கணும். அது எங்க ஊரு சட்டம், பொண்ணு இரும்பா இருந்தா மட்டும் மாறிடுமா? நாட்டார் கலியபெருமாள் கரையிலயே நாற்காலி போடச் சொல்லிப் பஞ்சாயத்தைக் கூட்டிட்டாரு.

"ஏம்பா சித்திரவேலு, அந்தப் பொண்ணு உன்னைத் தேடித்தான் வந்திருக்கு. நீ என்னா சொல்ற?"

"நாட்டாரே, அதுல நாங்க அம்பது அறுபது பேரு இருந்தோம்"னான் என் தம்பி.

பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டோம். நாட்டார் மட்டும் சிரிக்கலை. "அம்பது பேரையும் நாங்க எங்க போயித் தேடறது? கைக்கு எட்டுனவன் நீதான். ஏத்துக்கறியா, இல்லையா?"

அவன் மூத்தவளைப் பாத்தான், மண்ணைப் பாத்தான். "ஏத்துக்கறேன்"னான். மெதுவாத்தான் சொன்னான், ஆனா அந்த நேரம் அலைகூட அடிக்கலை, எல்லாருக்கும் கேட்டுச்சு.

எங்கேருந்துதான் வந்துச்சோ ஒரு மீன் கூடை, பறந்து வந்து அவன் முதுகுல விழுந்துச்சு. பவுனு நிக்கறா. "ஏத்துக்குவீங்க, ஏன் ஏத்துக்க மாட்டீங்க! ரிட்டையர் ஆனா மூத்தவளை விட்டுட்டு வந்துடுவீங்க, மீதி நாளாவது என்னோட இருப்பீங்கன்னு காத்துக் கெடந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இப்ப அவ பிள்ளையோட வந்துட்டா, நான் வெறுங்கையோட நிக்கறேன். அண்ணி, கேட்டுக்கங்க. அவளை இங்க வச்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. என் தம்பி முதுகுல ஒட்டுன செதிலைக்கூடத் தட்டாம நின்னான்.

அந்த நேரம் பாத்து, அறுந்த கயித்தைத் தொங்க விட்டுக்கிட்டு இழுவைக் கப்பல் தூரத்துல தெரிஞ்சுது.

"வந்துட்டானுங்க! கொண்டு போயி உடைச்சுடுவானுங்களே!"ன்னு நாட்டார் எழுந்துட்டாரு. "அரசாங்கத்தோட மல்லுக்கட்ட முடியுமா?"

"ஏன் முடியாது?"ன்னு கேட்டது நான்தான். "வளையல் போட்ட வயித்துப்பிள்ளைக்காரியைப் பெத்துப் பொழைக்கற வரைக்கும் ஆறு தாண்ட விடுவோமா? ராசா பல்லக்கோட வந்து நின்னாலும் தாய்வீட்டுலேருந்து அனுப்புவோமா? கட்டுனவனே ஏத்துக்கிட்டான், இது அவ வந்து சேந்த வீடு, தாய்வீடு இல்லாதவளுக்கு ஊருதான் தாய்வீடு. அவன் நங்கூரம் போடறதுக்குள்ள வளைகாப்பைப் போட்டு முடிங்கய்யா!"

அம்மாடி, அப்புறம் நடந்துச்சு பாருங்க கூத்து! மறுநாள் ஆடிப்பூரம், மாரியம்மனுக்கு வளையல் சாத்த எல்லாம் தயாரா இருக்கு, அம்மன் ஒரு நாள் பொறுத்துக்குவா, அவளும் பொம்பளைதானேன்னு பூசாரி சொல்லிட்டாரு, ஒருத்தி புளிச்சோறு கிளற, ஒருத்தி எலுமிச்சங்காயைப் பிழிய, ஒருத்தி தேங்காயைத் துருவ, சந்தனம் கரைச்ச சொம்பு கைமாறிக் கைமாறி ஓட, மைக் செட்டுக்காரன் கேக்காமலே அம்மன் பாட்டைப் போட, வளையல்காரர் பொட்டியோட மூச்சு வாங்க ஓடி வந்தாரு. வந்தவர் மூத்தவளைப் பாத்தாரு, பொட்டியைப் பாத்தாரு. அவ கைன்னு சொல்ல இருக்கறது பெரிஸ்கோப்பு ஒண்ணுதான், அது நுனியே ஒரு ஆம்பளைக் கை கனம் இருக்கு. அவர்கிட்ட இருந்த எந்த வளையலும் அதுக்கு மோதிரமாக்கூட ஆகாது.

அப்பத்தான் ஊருக்கு சுருக்குவலை ஞாபகம் வந்துச்சு. சுருக்குவலைக்குத் தடை. எங்க ஊர்ல அந்த வலையே கிடையாதுன்னு நாட்டார் அதிகாரிங்க முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு. ஆனா அந்த வலையோட அடியில கோக்கற பித்தளை வளையம் மட்டும், அது என்ன மாயமோ, ஒருத்தன் கோழிக்கூண்டுலேருந்து ரெண்டு, ஒருத்தி அரிசிப் பானையிலேருந்து நாலு, நாட்டார் வீட்டுப் பரண்லேருந்து ஒரு சாக்குன்னு வந்து குவிஞ்சுது. யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டுக்கலை. படகுக்கு அடிக்கற பச்சையையும் செவப்பையும் பூசி வெயில்ல வச்சோம். வளையலாயிடுச்சு.

மொத வளையல் போட நாட்டார் பொண்டாட்டி தையல்நாயகி போனா. அஞ்சு பெத்தவ, கம்மலும் மூக்குத்தியுமா படகுல நின்னு வளையத்தை நீட்டுனா. பெரிஸ்கோப்பு சர்ருனு உள்ள போயிடுச்சு. அடுத்தவ போனா, ஏழு பெத்தவ. மேல வந்தது மறுபடி உள்ள போயிடுச்சு. ஒவ்வொருத்தியா போறோம், அவ கையை நீட்டமாட்டேங்கறா. நானும் போனேன், எனக்கும் அதே மரியாதைதான். அந்தப் பக்கம் இழுவைக் கப்பல்லேருந்து நங்கூரச் சங்கிலி கடகடன்னு எறங்குற சத்தம் கேட்டுச்சு.

"அவ யாருக்குக் காத்திருக்கான்னு தெரியலையா உங்களுக்கு?"ன்னு கத்திக்கிட்டு நான் கரைக்குக் குதிச்சேன்.

"பவுனையா கூப்பிடப் போற?"ன்னு தையல்நாயகி இழுத்தா. "அவ எப்பிடி வளையல் தட்டை..."

"அஞ்சு பெத்தவளுக்கு நீட்டுனாளா அவ? நீட்டலைல்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு நில்லு!"

பவுனு தோட்டத்துல அம்மி முன்னால உக்காந்து வெறும் கல்லை அரைச்சுக்கிட்டு இருந்தா. துணிமூட்டை பக்கத்துலயே கட்டி வச்சிருந்தா.

"எழுந்து வாடி, பவுனு. உனக்குத்தான் கை நீட்டுவா."

"நானா? அவளுக்கா? வரமாட்டேன் அண்ணி."

"உடைச்சு எடைக்குப் போடப் போறானுங்கடி அவளை."

"போடட்டும். மறுபடி பாயசம் வப்பேன்."

"உள்ள இருக்கறதையும் சேத்துத்தான்டி உடைப்பானுங்க."

அம்மி நின்னுச்சு. அப்புறம் எழுந்து கையைக் கழுவுனா, முந்தானையை இழுத்துச் சொருகுனா, என்னைத் தாண்டி நடந்தா. கரையில நின்ன சனம் தானா வழி விட்டுச்சு. வளையல் தட்டை யாரும் எடுத்துக் குடுக்கலை, அவளா எடுத்துக்கிட்டா.

மூத்தவளோட முதுகுல ஏறி நின்னுக்கிட்டு அவ பேசுனது கரை முழுக்கக் கேட்டுச்சு, எங்க ஊருக் குரலாச்சே.

"ஏண்டி, நல்லா இருக்கியா? என் புருஷனைப் பாதி ஆயுசு வச்சிருந்தியே, திருப்பி அனுப்பினப்பவும் அவரு காதை நீயே வச்சுக்கிட்டியே! உன் வயிறு வெடிச்சுப் போவணும்னு எத்தனை நாளு மண்ணை வாரித் தூத்தியிருக்கேன் தெரியுமா?" தட்டுலேருந்து ஒரு வளையத்தை எடுத்து முந்தானையால தொடச்சா. "உன்னையும் வழிச்சு எடுத்துட்டாங்களாமே. வெறும் வயித்தோட கெடக்கறது என்னான்னு எனக்குத் தெரியும்டி. வேற யாருக்குத் தெரியும் இந்த ஊர்ல? போவட்டும், விடு. கையை நீட்டு."

பெரிஸ்கோப்பு மேல வந்துச்சு. மெதுவா, கூச்சப்படுற பொண்ணு கையை நீட்டற மாதிரி வந்து அவ மாருக்கு நேரா நின்னுச்சு. பவுனு மொத வளையலைப் போட்டா. சந்தனம் தடவுனா, குங்குமம் வச்சா, அடுத்த வளையலைப் போட்டா, போட்டுக்கிட்டே இருந்தா. நாங்க விட்ட குலவை இருக்கே, இன்னும் அந்த முகத்துவாரத்துல சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். என் கண்ணுல தண்ணி வந்துச்சு, தையல்நாயகியும் மூக்கை உறிஞ்சுனா, அதையும் பாத்தேன்.

இழுவைக் கப்பல்லேருந்து கமாண்டர் தாமஸுன்னு ஒரு அதிகாரி, வாட்டசாட்டமான ஆளு, ரப்பர் படகுல வந்து எறங்குனாரு. கேரளாக்காரரு, தமிழ் பேசுனாரு. "இது அரசாங்கச் சொத்து. நான் கொண்டு போகணும்."

"சொத்து உங்களுதுதான் சார். வயித்துல இருக்கறது?"ன்னு நாட்டார் கேட்டாரு.

கமாண்டர் நர்சு குடுத்த ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிக் கேட்டாரு. தொப்பியைக் கழட்டுனாரு. திரும்பிப் பெரிஸ்கோப்பைப் பாத்தவரு, "அது சுருக்குவலை வளையம் இல்லையா?"ன்னாரு.

"வளையல் சார்"னாரு நாட்டார், ஒரே போடா.

"எங்க வீட்டுலயும் இப்ப ஒன்பதாம் மாசம். கொல்லத்துல, அவ தாய்வீட்டுல இருக்கா"ன்னாரு கமாண்டர். அப்புறம் ரேடியோவுல, கயிறு அறுந்துடுச்சு, புதுக் கயிறு வந்தாத்தான் கெளம்ப முடியும்னு சொல்லிட்டு, இலையைப் போடச் சொல்லிப் புளிச்சோறு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு.

அடுத்து வந்த பௌர்ணமிப் பெருக்குல, உச்சி வெயில்ல, மூத்தவளுக்கு வலி எடுத்துச்சு. சுத்தி வர படகை நிறுத்திச் சேலையைக் கட்டி மறைச்சோம். மஞ்சத்தண்ணி கலந்து ஊத்துனோம். ஆம்பளைங்களைக் கரையிலயே நிறுத்தினோம், என் தம்பி நகத்தைக் கடிச்சுக்கிட்டு இங்கயும் அங்கயும் நடந்தான், ஊரே அவனைக் கிண்டல் பண்ணுச்சு. இரும்பு முனகுச்சு. பவுனு ஒரு கையால அவளைத் தடவிக்கிட்டே, "அவ்வளவுதான், அவ்வளவுதான்டி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. மொதல்ல கேட்டது என் தம்பிக்குத்தான். எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னால கரையிலேருந்து, "பொறந்துடுச்சு! அக்கா, பொறந்துடுச்சு!"ன்னு ஒரு கத்து கத்துனான் பாருங்க, மூணு தெரு தாண்டி நாய் குரைச்சுது. அவனுக்கு அப்பிடி ஒரு தொண்டை இருக்கறதே எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஒரு கட்டுமர நீளம் இருக்கும் பிள்ளை. கருகருன்னு, எண்ணெய் தேச்ச மினுமினுப்பு. முருங்கைக்காய் கனத்துல ஒரு பெரிஸ்கோப்பு. அதைத் தூக்கி எங்களை ஒவ்வொருத்தரா பாத்துச்சு. பவுனு பக்கம் திரும்புறப்ப அவ என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா.

புதுக் கயிறு வந்துச்சு. இந்தத் தடவை மூத்தவ அதை அறுக்கலை. பெத்துப் போட்டாச்சு, போட்ட எடமும் நல்ல எடம், அவளுக்கு மனசு ஆறிடுச்சு போல. என் தம்பி அவ வயித்துல கடைசியா ஒரு தடவை காதை வச்சுக் கேட்டான். கமாண்டர் வளையல் ஒண்ணைக்கூடக் கழட்டாமத்தான் இழுத்துக்கிட்டுப் போனாரு. அவ தூரமா போகப் போக வளையல் கிலுங்குற சத்தம் மட்டும் கரைக்கு வந்துச்சு.

அம்மா போறதைப் பாத்ததும் பிள்ளை பின்னாடியே கெளம்பிடுச்சு. முகத்துவாரம் தாண்டிட்டா பெரிய அலை, சின்ன ஜீவன் தாங்காது. படகை எடுக்க நேரமில்லை. என் தம்பிக்கு அன்னைக்குக் கத்துன கத்துல தொண்டை கட்டிப் போயி காத்துதான் வருது. நாங்கள்லாம் அய்யோ அய்யோன்னு நிக்கறோம். பவுனு தண்ணியில எறங்குனா, முழங்கால், இடுப்பு, மாருன்னு எறங்கி நின்னு ஒரு சத்தம் போட்டா.

"டேய்! எங்கடா போற? அங்க அலை அடிக்கறது கண்ணுக்குத் தெரியலை? சின்னம்மா இங்க நிக்கறேன்ல, வா இப்பிடி!"

பிள்ளை நின்னுச்சு. முருங்கைக்காய் தண்ணிக்கு மேல வந்து, கடலை ஒரு தடவை பாத்துச்சு, அவளை ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் திரும்பி வந்து அவ இடுப்புல மோதுச்சு.

தை மாசம் தையல்நாயகி மருமகளுக்கு வளைகாப்பு. ஒரு நாள் சாயங்காலம் தையல்நாயகியே குங்குமத் தட்டோட எங்க தெருவுக்கு வந்தா. என் வீட்டுக்குத்தான் வர்றான்னு நான் எழுந்து நின்னேன், அவ என் வீட்டைத் தாண்டிப் போனா. பவுனு வீட்டு வாசல்ல போயி நின்னு, தட்டை ரெண்டு கையால நீட்டி, "பவுனு, நாளைக்குக் காலையில வந்துடணும். மொத வளையல் நீதான் போடணும்"னா.

பவுனு குங்குமத்தை எடுத்து வச்சுக்கிட்டா. நான் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறேன், அழப்போறா, கட்டிப் பிடிச்சுக்கப் போறான்னு. அவ என்னடான்னா, ஈரப் பாவாடையைப் பிழிஞ்சுக்கிட்டே, ஊர்ல பிள்ளை பெத்த ஒவ்வொருத்தியும் தெனம் சலிச்சுக்கற அதே சலிப்போட சொல்றா:

"வரலாம்தான்க்கா. இந்தப் பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"